முடியாத அறிக்கையைத் திறந்து வையுங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறும் ஒவ்வொரு முறையும் ‘ஆய்வைக் கடுமையாக்கு’ என்ற குரல் எழுகிறது. நியாயமான குரல்தான். ஆனால் அதன் கூடவே ஒரு நம்பிக்கையும் எழுகிறது. ஒரே ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்க வேண்டும், தானே பார்த்துத் தானே எழுத வேண்டும், கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பும்வரை அந்தத் தாள் வேறு யார் கண்ணிலும் படக் கூடாது, அதுதான் நேர்மையான ஆய்வு என்ற நம்பிக்கை. அதிகாரிகள், ஆலை உரிமையாளர்கள், தலையங்கம் எழுதுவோர், தொழிற்சங்கத் தோழர்கள் என எல்லாத் தரப்பிலும் இதைக் கேட்டிருக்கிறேன். இந்த நம்பிக்கை தவறானது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் உயிர் குடிக்கும் தவறு.

பணியிடத் தணிக்கைக்கென்றே இப்போது செயலிகள் வந்துவிட்டன. முன்பு ஐஆடிட்டர் என்றும் இப்போது சேஃப்டிகல்ச்சர் என்றும் வழங்கும் ஆஸ்திரேலியச் செயலி அவற்றில் பெயர் பெற்றது. தாளில் டிக் அடித்துக்கொண்டிருந்த கேள்விப் பட்டியல் கைப்பேசிக்கு மாறியது இதில் சிறிய செய்தி. பெரிய செய்தி வேறு. முடிக்கப்படாத ஓர் ஆய்வை இத்தகைய மென்பொருளில் பலரோடு பகிர்ந்துகொள்ளலாம். மின்சாரம் பற்றிய பகுதியை அது தெரிந்தவர் நிரப்பலாம். கிடங்குப் பகுதியைக் கிடங்கில் நிற்பவர் நிரப்பலாம். ஒருவர் எழுதியதன் கீழே இன்னொருவர் படம் சேர்க்கலாம். யார், எந்த நாளில், எந்த மணிக்கு எதை எழுதினார் என்பதும் பதிவாகும்படி அமைக்கலாம். இதைப் பட்டாசு ஆலைகளுக்குக் கொண்டுவரலாமே என்று கேட்டால் வரும் முதல் பதில், ‘வேறு எதையும் கொண்டுவாருங்கள், வரைவைப் பகிரும் வேலை மட்டும் வேண்டாம்’ என்பதுதான்.

அப்படிச் சொல்பவர்களின் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வரைவு உரிமையாளர் கண்ணில் பட்டால் அடுத்த மணி நேரத்தில் சிபாரிசு வரும், பணம் வரும், கடைசியில் அந்த வரி காணாமல் போகும் என்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து எழுதிய அறிக்கைக்கு நீதிமன்றத்தில் யார் பதில் சொல்வது என்று கேட்கிறார்கள். எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் ஆலை வெடித்துவிடும் என்கிறார்கள். இவை வெறும் சாக்குகள் அல்ல. ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ என்று நாடே சலித்துக்கொண்ட காலத்தின் அனுபவம் இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. 2014 அக்டோபர் 16 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஷ்ரம் சுவிதா தளம் இந்த அச்சத்தை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டது. எந்த ஆலைக்கு எந்த ஆய்வாளர் போவது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும். போய்வந்தவர் 72 மணி நேரத்துக்குள் அறிக்கையைப் பதிவேற்றிவிட வேண்டும். ஆய்வாளரும் முதலாளியும் பேரம் பேச நேரம் கொடுக்காத ஏற்பாடு. பேரத்தைத் தடுக்க அது உதவலாம். மருந்து வெடிப்பதைத் தடுப்பது வேறு வேலை. அதற்கு ஆலைக்குள் உண்மையில் நடப்பது என்னவென்று அறிக்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தனியாக வரும் ஒருவருக்கு ஒரே நாளில் அது எவ்வளவு தெரியும்?

காலை பதினொரு மணிக்கு அவர் ஜீப்பில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கலாம். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று எண்ணலாம். மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி, தரையில் ரப்பர் விரிப்பு, வெளியே திறக்கும் கதவு எல்லாம் கண்ணில் படும். முந்தின நாள் மாலை மீந்த மணி மருந்துக் கலவையை எங்கே வைத்தார்கள் என்பது படாது. அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் அது மெல்லச் சூடாகும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் குவிந்து கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையை அடக்கத்தான். ‘மருந்து நீர்த்துப்போய் வெடித்தது’ என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன! இரவு பெய்த மழையும், மூடாமல் விட்ட தட்டும், காலையில் அதை எடுத்துத் தட்டிக்கொட்டிய கையும் சேரும் அந்த நிமிடத்தில் எந்த ஆய்வாளரும் அங்கே நிற்பதில்லை. அங்கே நிற்பது ஒரு பெண் தொழிலாளி. முந்தின நாள் எவ்வளவு மீந்தது, யார் மூடிவைக்கச் சொன்னது, அதை அழிக்காமல் விட்டதால் யாருக்கு லாபம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அறிக்கையில் அவர் எழுத ஒரு வரிகூட இல்லை.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அறைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்வது சிவகாசிப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. எண்ணிக்கைக்குக் கூலி. கூடுதலாகக் கட்டினால் கூடுதல் காசு. உரிமம் கொடுத்தபோது போட்ட வரைபடத்தில் அந்த மரம் கிடையாது. வரைபடத்தை வைத்துத் தயாரித்த கேள்விப் பட்டியலிலும் அதற்கு இடம் இருக்காது. ஜீப் வரும் தூசி தெரிந்ததும் மரத்தடி காலியாகிவிடும். முன்னறிவிப்பில்லாத வருகையின் பலம் வாசல்வரைதான் என்பதை ஆலைக்குள் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள்.

உள்குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. ஒருவர் பெயரில் உரிமம் பெற்ற ஆலை பலருக்குப் பிரித்துக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்ற செய்தி அதன் பிறகுதான் வெளியுலகுக்கு வந்தது. வெளியுலகுக்குத்தான் அது செய்தி. இந்த நாலு அறைக்கு ஒருவரிடமும் அந்த நாலு அறைக்கு இன்னொருவரிடமும் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அதில் என்ன புதுமை இருக்க முடியும்? ‘கூலி யார் கையிலிருந்து வருகிறது’ என்ற ஒரே கேள்விக்கு எட்டு அறைகளில் எட்டுப் பேர் பதில் எழுதி, அந்தப் பதில்கள் ஒரே வரைவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் உள்குத்தகை ஒரு பிற்பகலில் அம்பலமாகும். தனி ஆய்வாளரின் படிவத்தில் உரிமதாரர் பெயர் என்ற கட்டம் இருக்கிறது. அதில் உரிமதாரரின் பெயர் சரியாகவே நிரப்பப்படுகிறது.

வரைவை மூடிவைக்கும் பழக்கத்தால் துறைக்குத் துறையும் தெரியாமல் போகிறது. நம் மாவட்டத்தில் நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. எனப்படும் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் உரிமம் என்று ஆலைகளுக்கு அடுக்குகள் உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தையும் 2008-ஆம் ஆண்டின் விதிகளையும் கையில் வைத்துக்கொண்டு வருகிறது. மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தோடு வருகிறது. வருவாய்த் துறை வருகிறது, தீயணைப்புத் துறை வருகிறது, காவல் துறையும் வருகிறது. அவரவர் அவரவருக்கு உரியதைப் பார்த்து அவரவர் கோப்பில் எழுதுகிறார்கள். கலவை அறையில் அளவுக்கு மேல் மருந்து இருந்ததை ஒருவர் குறித்திருப்பார். அதே அறையில் ஆள் கூடுதலாக இருந்ததை வேறொரு நாளில் வேறொருவர் குறித்திருப்பார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அபராதம் போட்டு முடிக்கும் குறைகள். ஒன்றாகப் பார்த்தால் அன்றே கதவைப் பூட்ட வேண்டிய ஆலை. ஒன்றாகப் பார்க்க இடமே இல்லை. பெரிய விபத்து நடந்த பிறகு கூட்டு ஆய்வுக் குழு அமைப்பதை மாவட்ட நிர்வாகம் வழக்கமாக வைத்திருக்கிறது. பிணங்கள் அரசு மருத்துவமனைக்குப் போன பிறகு எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார முடியுமென்றால், அதற்கு முன்பு ஒரே வரைவில் எழுத முடியாதா?

2012 செப்டம்பரை நான் மறக்கவில்லை. இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். புகையைக் கண்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களில் பலர். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலை அது என்று அப்போதே செய்தித்தாள்கள் எழுதின. அப்படியென்றால் ஆய்வு நடந்திருக்கிறது. குறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் நடவடிக்கையும் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆலைக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. கோப்புக்குத் தெரிந்த ஆபத்து, காலையில் வேனில் ஏறி வந்தவருக்கும் சுற்று வட்டார ஊர்களுக்கும் போய்ச் சேர வழியில்லாத ஏற்பாட்டைத்தான் நாம் கண்டிப்பான ஆய்வு என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு ஆறாம் நாள், செப்டம்பர் 11 அன்று, கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோர் வெந்து மடிந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. வெளியார் வந்து, பார்த்து, எழுதி, கையெழுத்திட்டு முடித்த தணிக்கை அது. பூட்டிக் கிடந்த வழிகளையும் கம்பி அடித்த சன்னல்களையும் உள்ளே வேலை பார்த்தவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சான்றிதழை நிரப்பும் கட்டத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை.

மறு ஆண்டு, 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு உருவான பாதுகாப்பு ஒப்பந்தம் வேறு பாதையைப் பிடித்தது. பொறியாளர் பார்த்த இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தயாராக வேண்டும். தயாரானதும் அது நிர்வாகத்துக்கு மட்டுமல்லாமல் ஆலையின் பாதுகாப்புக் குழுவுக்கும், சங்கம் இருக்குமிடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும், சரக்கு வாங்கும் நிறுவனங்களுக்கும் போக வேண்டும். ஆறு வாரத்துக்குள் பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும். உடனடி ஆபத்து தெரிந்தால் இந்தக் கெடுவுக்கெல்லாம் காத்திராமல் அப்போதே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பகிர்ந்தால் தாமதமாகும் என்பவர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் பதில். வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவுக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அது அந்த நிமிடமே, அந்த அதிகாரியின் கையெழுத்திலேயே போகட்டும். நான் திறந்து வைக்கச் சொல்வது மீதி அறிக்கையை.

பலர் எழுதினால் பொறுப்பு கரைந்துவிடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்தியாவில் தணிக்கை என்றாலே நினைவுக்கு வரும் நிறுவனம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம். அது என்ன செய்கிறது? தன் வரைவுப் பத்திகளைச் சம்பந்தப்பட்ட துறையின் செயலாளருக்கே அனுப்பிப் பதில் கேட்கிறது. தணிக்கையின் முடிவில் துறையை எதிரே உட்காரவைத்து, கண்டதைச் சொல்லி, மறுப்பிருந்தால் கேட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகும் அறிக்கை தணிக்கையாளருடைய அறிக்கைதான். ஆட்சிகளை ஆட்டிய அறிக்கைகள் இந்த முறையில்தான் எழுதப்பட்டன. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த சமூகத் தணிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது: வேலை செய்தவர்கள் முன்னால் கணக்கை உரக்கப் படித்து, இல்லை என்பவரை எழுந்து சொல்லவைத்தது. விருதுநகர் மாவட்டத்தில் வறண்ட கண்மாய்க்குள் மண் வெட்டிய பெண்ணுக்கு இருந்த அந்த உரிமை, அதே ஊரிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகும் அவளுடைய தங்கைக்கு ஏன் இல்லை?

சிவகாசிக்கு இதை வெளியூரிலிருந்து சொல்லித்தரவும் வேண்டியதில்லை. பட்டாசோடு அச்சுத் தொழிலும் வளர்ந்த ஊர் இது. தினசரிக் காலண்டரோ லேபிளோ, ப்ரூஃப் எடுக்காமல் அச்சுக்கு ஏற்றுவார்களா? ப்ரூஃப் பார்ப்பவர் திருத்துகிறார், வாடிக்கையாளர் திருத்துகிறார். ராகு காலம் அரை மணி தவறாக விழுந்தால்கூடப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். அச்சாபீஸ்காரரின் பொறுப்பு அதனால் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

பேரம் பற்றிய அச்சத்துக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். மூடிய வரைவில்தான் பேரம் நடக்க முடியும். ஒரு வரி ஒருவர் பையில் மட்டும் இருக்கும்போதுதான் அதை நீக்க ஒரு விலை உண்டு. மரத்தடி வேலையைத் தீயணைப்பு அலுவலரும் பார்த்துவிட்டார், இயக்கக அலுவலரும் பார்த்துவிட்டார், பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதியும் பார்த்துவிட்டார், எழுதப்பட்ட நேரமும் பதிவாகிவிட்டது என்றால், அந்த வரியை வாங்க வருபவர் எத்தனை வாசலில் நிற்பார்? இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பகிரப்பட்ட வரைவில் எழுதியதை யாராலும் அழிக்க முடியக் கூடாது. மறுக்கலாம், விளக்கலாம், கீழே படம் சேர்க்கலாம். உரிமையாளருக்கும் அந்த இடம் உண்டு. தூரம் தவறாக அளக்கப்பட்டதென்றால் அவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். ஆய்வு தீவிரமாகும் நாட்களில் ஆலைகளைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு, தம் தரப்பை எழுத இடமில்லை என்ற மனக்குறையும் ஒரு காரணம். நீக்கும் பொத்தானை எல்லோருக்கும் கொடுக்கும் மென்பொருளை யாராவது விற்க வந்தால், அதை நானே முதலில் எதிர்ப்பேன்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப்படும் மறுப்பு ஒன்றுதான்: எழுதிய தொழிலாளியை மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வேறு பிழைப்பு குறைந்த மானாவாரி மண்ணில் இது சின்ன மிரட்டல் அல்ல. ஊருக்கு வரும் வேனில் இடமில்லை என்று ஒரு போர்மேன் சொன்னால் போதும், ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். ஆகவே வரைவில் தொழிலாளியின் பெயர் தெரியக் கூடாது. இந்தியா 1949-இல் ஏற்று உறுதிசெய்த தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் எண் உடன்படிக்கை, புகார் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் முழு ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கைதான் முன்னறிவிப்பின்றி ஆலைக்குள் நுழையும் உரிமையையும் ஆய்வாளருக்குத் தருகிறது. ஆய்வுத் துறை முதலாளிகளோடும் தொழிலாளர்களோடும் ஒத்துழைப்பதை வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்றும் ஒரே பத்திரத்தில், ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்கின்றன. வருகை ரகசியமாக இருக்கட்டும். சொன்னவர் பெயர் ரகசியமாக இருக்கட்டும். சொல்லப்பட்ட ஆபத்து ரகசியமாக இருப்பதால் யாருக்கு என்ன நன்மை?

சட்டமும் நம் பக்கம்தான். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்தான செயல்முறை நடக்கும் ஆலையில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள் கொண்ட பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது அதன் 41ஜி பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குச் சொல்வதோடு, அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது 41எச். போபால் ஆலையை 1982 மே மாதத்திலேயே அமெரிக்கத் தலைமையகக் குழு பார்த்துக் குறைகளை எழுதியிருந்தது; அந்த அறிக்கை நிறுவனத்துக்குள்ளேயே சுற்றியது. அந்தப் பாடத்திலிருந்து எழுதப்பட்ட பிரிவுகள் இவை. எழுதி இவ்வளவு ஆண்டுகள் ஆகியும், தொழிலாளி சொன்னது ஆய்வு அறிக்கையில் நின்றதா என்று அவர் பார்க்கும் வழி மட்டும் இன்னும் திறக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்து ஆடை ஆலை ஒன்றில் 2022-இல் கையெழுத்தான ஒப்பந்தம், பெண் தொழிலாளர்களையே தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் அதைச் சாதித்தது. நூற்பாலைக்கும் தையல் கூடத்துக்கும் பெயர்போன மண்ணில் முடிந்தது, எண்பது தொண்ணூறு மைல் தெற்கே முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஆலைக்குள் கைப்பேசிக்குத் தடை. அந்தத் தடை சரியானது, அது நீடிக்க வேண்டும். ஆகவே செயலி வாசலுக்கு வெளியே, ஊரில் இருக்கட்டும். வேன் கிளம்பும் இடத்தில், மகளிர் சுயஉதவிக் குழு கூடும் இடத்தில், தமிழில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் பேசிப் பதியலாம். கேள்விகள் ஆலை வரைபடத்திலிருந்து வராமல் வேலை நாளிலிருந்து வரட்டும்: நேற்று மீந்த மருந்து எங்கே போனது, எத்தனை பேர் எங்கே உட்கார்ந்தீர்கள், கூலி யார் தந்தார், போர்மேன் கலவை அறையில் இருந்தாரா, சரவெடிக்கு மருந்து அடைக்கச் சொன்னார்களா. எல்லாத் துறைகளும் அந்த வரைவைத் திறந்து தங்கள் பகுதியை அதிலேயே எழுதட்டும். பெரிய ஆலைகளைவிட டி.ஆர்.ஓ. உரிமத்தில் ஓடும் சிறு ஆலைகளில் இதை முதலில் தொடங்கலாம். ஆள் குறைவு, அறை குறைவு, பார்க்க வரும் கண்ணும் குறைவு.

2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் இரண்டு ஆலைகள் வெடித்தன. 2024 பிப்ரவரி 17 அன்று ராமுதேவன்பட்டி; அதே ஆண்டு மே 9 அன்று செங்கமலப்பட்டி; 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. இவ்வளவு காலமும் வரைவுகள் மூடியேதான் இருந்தன. மூடிவைத்தால் பாதுகாப்பு என்பவர்கள் இந்த ஊர்ப் பெயர்களுக்கு அருகே வைத்துத் தங்கள் வாதத்தைச் சொல்லட்டும்.

இன்னும் ஒன்றைக் கேட்கிறேன், இதுதான் எளிதில் கைவிடப்படும் என்பதால். குறை சரிசெய்யப்பட்டது என்று இன்று எழுதி முடிப்பவர் உரிமையாளர். அதை ஏற்பவர் மீண்டும் அந்த ஆலைக்கு எப்போது வருவார் என்று தெரியாத அதிகாரி. மீந்த மருந்து இனி இரவில் தங்காது என்று உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டால், ஒரு மழை இரவுக்கு மறுநாள் காலை அந்த அறையில் வேலை பார்த்தவர், பெயர் சொல்லாமல், ‘ஆம், இல்லை’ என்று அதே வரைவில் பதியும்வரை அந்தக் குறை திறந்தே இருக்க வேண்டும்.